சின்ன வீடு, குட்டி விருந்தினர்கள்: பிள்ளைகளுக்கான ‘பிளேடேட்’ எப்படி நடத்தலாம்?

“ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன், பிள்ளைங்க சேர்ந்து விளையாடட்டும்!”

சொல்வது சுலபம். சொன்ன மறுநிமிடமே மனத்துக்குள் கேள்விகள் வரிசைகட்டும்.

வீடு சின்னதாச்சே? என்ன விளையாட வைக்கிறது? என்ன சமைக்கிறது? பிள்ளைங்க அடிச்சுக்கிட்டா?

கடைசியில் “அப்புறம் பார்க்கலாம்” என்று அது தள்ளிப்போய்விடும். பிள்ளைக்கு ஒரு தோழன் கிடைக்கும் வாய்ப்பும் போய்விடும். அம்மாவுக்கு ஒரு தோழி கிடைக்கும் வாய்ப்பும் போய்விடும்.

பெரிய வீடு, பெரிய செலவு எதுவும் இல்லாமல் அதை எப்படி நடத்தலாம் என்று பார்ப்போம்.

‘பிளேடேட்’ என்றால் என்ன?

நேரம் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை விளையாட விடுவதற்காகச் சந்திப்பதுதான் ‘பிளேடேட்’. தமிழில் ‘விளையாட்டுச் சந்திப்பு’ என்று சொல்லலாம்.

“எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?” என்று பாட்டி கேட்கலாம். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கம்பத்திலும், பழைய அடுக்குமாடிகளின் நடைபாதையிலும் பிள்ளைகள் தாங்களாகவே கூடி விளையாடினார்கள். அதற்கு யாரும் நாள் குறிக்கவில்லை.

இப்போது நிலைமை வேறு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பகல் முழுவதும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் கதவுகள் பெரும்பாலும் மூடியே இருக்கின்றன. முன்பு தானாக நடந்ததை இன்று திட்டமிட்டு நடத்த வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

ஏன் இது முக்கியம்?

பிள்ளைகளுக்கு: ஓடியாடி விளையாடுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. 2 முதல் 4 வயதினர் திரைக்கு முன்னால் 1 மணி நேரத்துக்குமேல் உட்காரக் கூடாது என்றும் அது சொன்னது.

பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிவிடுவது எளிது. அதற்குப் பதிலாக என்ன கொடுப்பது என்பதுதான் பெற்றோருக்குச் சவால். இன்னொரு பிள்ளை அதற்கு நல்ல பதில்.

அம்மாக்களுக்கு: சிங்கப்பூரில் தகுதிபெறும் தாய்மார்களுக்கு 16 வாரம் சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு உண்டு. தந்தையருக்கான விடுப்பு 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 4 வாரமாகியிருக்கிறது. கணவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, அம்மாவும் குழந்தையும் நான்கு சுவர்களும் மட்டும் என்று நாள்கள் நகரும்.

உலக அளவில், அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மனநலப் பிரச்சினைக்கு ஆளாவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதில் முக்கியமானது மனச்சோர்வு. ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு மணி நேரப் பேச்சும் அதற்கு மருந்தாகிவிடாது. ஆனால், “எனக்கு மட்டும்தான் இப்படியா?” என்ற எண்ணத்தை அது உடைக்கும்.

தமிழுக்கு: 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். பத்தாண்டுக்கு முன்னர் அது 32.3 விழுக்காடு. அதே காலத்தில் தமிழ் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காட்டுக்கு இறங்கியது.

அம்மா, அப்பா, பாட்டி மட்டும் பேசினால் தமிழ் ‘பெரியவங்க மொழி’ ஆகிவிடும். கூட விளையாடும் பிள்ளையும் பேசினால்தான் அது தன்னுடைய மொழி.

எத்தனை பேர்? எவ்வளவு நேரம்?

முதல்முறை 2 அல்லது 3 பிள்ளைகள் போதும். ஆளுக்கு ஒரு பெரியவர் என்று வைத்தாலே 6 பேர் ஆகிவிடும். நாலறை வீவக வீட்டின் வரவேற்பறைக்கு அது சரியான அளவு.

• 1 வயதுக்குள்: 1 மணி நேரம்

• 1 முதல் 3 வயது: ஒன்றரை மணி நேரம்

• 4 வயதுக்கு மேல்: 2 மணி நேரம்

பிள்ளைகள் தூங்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு எந்த விளையாட்டும் பிடிக்காது. காலை 10 மணி பெரும்பாலோருக்குத் தோதாக இருக்கும்.

முடியும் நேரத்தையும் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். “எப்போ கிளம்புறது?” என்று விருந்தாளியும் தயங்க வேண்டாம், “எப்போ கிளம்புவாங்க?” என்று நீங்களும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

வாட்ஸ்ஏப்பில் இப்படி ஒரு வரி போதும்:

“அக்கா, சனிக்கிழமை காலைல 10 மணிலேருந்து 11.30 வரைக்கும் வீட்டுக்கு வாங்க. பிள்ளைங்க வெண்டைக்காய் அச்சு போடப் போறாங்க, பழைய சட்டை போட்டுவிடுங்க. சாப்பாட்டுல ஏதாச்சும் ஒத்துக்காதுன்னா சொல்லுங்க. அப்பா, தாத்தா, பாட்டி யார் கூட்டிட்டு வந்தாலும் சரி. வீடு கலைஞ்சுதான் இருக்கும்!”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வருபவர் மனத்திலுள்ள பாதித் தயக்கத்தை அதுதான் போக்கும்.

எங்கே நடத்தலாம்?

வீட்டில்: விளையாட ஓர் அறையை மட்டும் திறந்துவிடுங்கள், மற்ற கதவுகளைச் சாத்திவிடுங்கள். சன்னல் ஓரத்தில் இருக்கும் நாற்காலி, சோஃபா, கட்டில் ஆகியவற்றைத் தள்ளிப்போடுங்கள். பிள்ளைகள் ஏறிப் பார்ப்பார்கள். சன்னல் கம்பிகளைப் பூட்டிவையுங்கள். மருந்து, சவர்க்காரத் தூள், பொத்தான் வடிவ மின்கலங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நடைபாதையில்: வீட்டு வாசலுக்கு வெளியே பொருள்களைப் பரப்பிவைப்பதைத் தவிருங்கள். தீப்பாதுகாப்பு விதிப்படி பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும்.

புளோக்கின் கீழ்த்தளத்தில்: இரண்டு மூன்று பிள்ளைகள் பந்து உருட்டுவது வேறு, மேசை நாற்காலி போட்டுப் பிறந்தநாள் கொண்டாடுவது வேறு. இரண்டாவதற்கு நகர மன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

சமூக மன்றத்தில்: குளிரூட்டப்பட்ட அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். கூட்டம் கொஞ்சம் பெரிது என்றால் இதுதான் வசதி.

வெளியில்: பூமலையில் இருக்கும் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்துக்கும், கரையோரப் பூந்தோட்டங்களில் இருக்கும் சிறுவர் தோட்டத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. உட்லண்ட்ஸில் உள்ள அட்மிரல்ட்டி பூங்காவில் 26 சறுக்குகள் இருக்கின்றன. வட்டார நூலகங்களின் சிறுவர் பகுதியும் கைகொடுக்கும். மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதை முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். நம்மூர் வானத்தை நம்ப முடியாது!

என்ன விளையாடலாம்?

விலை உயர்ந்த விளையாட்டுப் பொருள் தேவையில்லை. பெரும்பாலானவை உங்கள் சமையலறையிலேயே இருக்கின்றன.

1 வயதுக்குள்: தரையில் ஒரு பாய். எவர்சில்வர் கிண்ணம், மரக்கரண்டி, வழவழப்பான துணி, சொரசொரப்பான துணி. தட்டட்டும், உருட்டட்டும், வாயில் வைக்கட்டும். வாயில் வைத்தாலும் ஆபத்தில்லாத பொருள்தானா என்பதை மட்டும் பாருங்கள்.

1 முதல் 3 வயது:

• சப்பாத்தி மாவு. கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசையுங்கள். மஞ்சள்தூள் போட்டால் மஞ்சள், பீட்ரூட் சாறு விட்டால் சிவப்பு, கீரைச் சாறு விட்டால் பச்சை. கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வந்தால் அரிசி மாவு பயன்படுத்தலாம்.

• காய்கறி அச்சு. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பூ வந்துவிடும். வெங்காயத்தில் வளையங்கள், பாகற்காயில் பல்சக்கரம். நச்சுத்தன்மையற்ற வண்ணத்தில் தொட்டுத் தாளில் பதிக்கலாம்.

• அட்டைப்பெட்டி. குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைக்குள் இரண்டு பிள்ளைகள் நுழைந்தால் அது வீடு, அதையே இழுத்தால் அது எம்ஆர்டி.

4 முதல் 6 வயது:

• பழைய காலுறையில் பொத்தான் கண் தைத்துப் பொம்மை. அந்தப் பொம்மைகளை வைத்து ஒரு கதை.

• பல்லாங்குழி. மலாய் நண்பர் வீட்டில் அதன் நெருங்கிய உறவான ‘சொங்காக்’ இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆடவிடுங்கள். குழிகளின் எண்ணிக்கையும் விதிகளும் எங்கே மாறுகின்றன என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

• அட்டைத் தட்டில் வண்ண அரிசிக் கோலம். தரையில் போட்டால் அழிந்துபோகும், தட்டில் ஒட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

அரிசி, பயறு, புளியங்கொட்டை, சோழி, பொத்தான் போன்றவற்றை 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வைக்கவே வேண்டாம். தொண்டையிலோ மூக்கிலோ சிக்கிக்கொள்ளலாம்.

தண்ணீர் விளையாட்டு என்றால் ஒரு பெரியவர் கண் எடுக்காமல் அருகிலேயே இருக்க வேண்டும். சிறு பிள்ளை மூழ்குவதற்குச் சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும். முடிந்தவுடன் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கும் இடமிருக்காது.

“சேர்ந்து விளையாடவே மாட்டேங்குதுங்க!”

இரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு மூலையில், ஆளுக்கு ஒரு காரை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரையொருவர் பார்ப்பதுகூட இல்லை.

சந்திப்பு தோல்வியா? இல்லவே இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து 1932ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியாக விளையாடுவது, மற்றவர் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டில் விளையாடுவது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விளையாடுவது, கடைசியில் கூட்டாகச் சேர்ந்து விளையாடுவது என்று அவர் அதை வகைப்படுத்தினார்.

பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டில் விளையாடுவது இந்த வயதுக்கு உரியதுதான். ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சண்டை வந்தால்?

வரும். அதற்குத் தயாராக இருங்கள்.

• உங்கள் பிள்ளைக்கு உயிரான பொம்மையை விருந்தினர் வருமுன் எடுத்து உள்ளே வையுங்கள். “எதையெல்லாம் குடுக்க வேணாம், நீயே எடுத்து வை” என்று பிள்ளையிடமே கேட்கலாம்.

• ஒரே மாதிரி இரண்டு பொருள் வையுங்கள். ஒரு சிவப்புக் கார் சண்டை மூட்டும், இரண்டு சிவப்புக் கார் பந்தயம் ஆகிவிடும்.

• அடித்தால், கடித்தால் அமைதியாகப் பிரித்துவிடுங்கள். அடிபட்ட பிள்ளையை முதலில் பாருங்கள். “கோபம் வந்துச்சா? சரி. ஆனா அடிக்கக் கூடாது” என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். நீண்ட அறிவுரை அந்த வயதில் ஏறாது.

• மற்றவர் பிள்ளையைக் கண்டிப்பது அவருடைய பெற்றோரின் வேலை. ஆபத்து என்றால் மட்டும் உடனே தடுங்கள்.

• வெட்கப்பட்டுக் கூனிக்குறுகி நிற்கும் அந்த இன்னோர் அம்மாவிடம் “பரவால்லை, நேத்து எங்க வீட்டு ஆளும் இதேதான்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சாப்பாடு: எளிமை நல்லது, கவனம் அவசியம்

இட்லி, சின்னச் சின்ன தோசை, வாழைப்பழம், வேகவைத்த கேரட், தயிர். போதும். 20 வெள்ளிக்குள் முடிப்பது என்று உங்களுக்கே ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். விருந்துபோல் சமைத்துக் களைத்துப்போனால் அடுத்தமுறை அழைக்க மனம் வராது.

கவனிக்க வேண்டியவை:

• திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். முழு நிலக்கடலை, முந்திரி, கெட்டியான முறுக்கு, கெட்டி மிட்டாய் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். கொண்டைக்கடலைச் சுண்டலை மசித்துக் கொடுங்கள்.

• 1 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. ஒரு சொட்டு நாக்கில் தடவுவதும் வேண்டாம். அரிதாக, உயிருக்கு ஆபத்தான நச்சுக்கிருமித் தொற்று ஏற்படலாம்.

• பால், முட்டை, நிலக்கடலை, இறால் ஆகியவை பல பிள்ளைகளுக்கு ஒவ்வாமை ஏற்படுத்துபவை. யாருக்கு எது ஆகாது என்று முன்கூட்டியே கேளுங்கள். “கொஞ்சமாத்தானே, ஒண்ணும் ஆகாது” என்று ஊட்டிவிட வேண்டாம் என்று தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்.

• உட்கார்ந்து சாப்பிடட்டும். ஓடிக்கொண்டே சாப்பிட்டால் புரையேறும்.

மூச்சுத் திணறினாலோ உணவு தொண்டையில் அடைத்துக்கொண்டாலோ 995க்கு அழையுங்கள். சிறு பிள்ளைகளுக்கான முதலுதவிப் பயிற்சியைச் சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கம் நடத்துகிறது. அடிக்கடி பிள்ளைகளை வீட்டுக்கு அழைப்பவர்கள் அதைக் கற்றுக்கொள்வது நல்லது.

“லேசான காய்ச்சல்தான், வரலாமா?”

வேண்டாம். இன்னொரு நாள் பார்க்கலாம்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பில் தடிப்பு இருந்தால் சந்திப்பைத் தள்ளிவைப்பதே மரியாதை. கை, கால், வாய்ப்புண் நோய் எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகியவற்றின் மூலம் எளிதில் பரவும். அந்தக் கிருமிக்குக் கைச்சுத்திகரிப்புத் திரவத்தைவிடச் சவர்க்காரமும் தண்ணீரும் நன்றாக வேலை செய்யும்.

“வர முடியலன்னா கடைசி நிமிஷத்துலகூடச் சொல்லலாம், தப்பா நினைக்க மாட்டோம்” என்று அழைப்பிலேயே சேர்த்துவிடுங்கள். சங்கடத்துக்காக நோயோடு வருவதை அது தடுக்கும்.

அம்மாக்களுக்கும் ஒரு மூலை

பிள்ளைகளுக்குப் பாய் விரித்தாகிவிட்டது. அம்மாக்களுக்கு?

சூடு ஆறுமுன் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கக் கிடைப்பதே பல புதுத் தாய்மார்களுக்குக் கொண்டாட்டம். பெரியவர்கள் முறைவைத்துக்கொள்ளுங்கள்: 20 நிமிடம் ஒருவர் பிள்ளைகளோடு தரையில், மற்றவர்கள் தேநீர் மேசையில். பிறகு மாற்றிக்கொள்ளலாம். அப்பாக்கள் வந்திருந்தால் அவர்களுக்கும் முறை உண்டு!

பாலூட்ட ஓர் அறை, உடைமாற்றிவிட ஒரு விரிப்பு, குப்பைக்கு ஒரு பை. இவற்றை வந்தவுடனேயே காட்டிவிடுங்கள், கேட்கக் கூச்சப்படுவார்கள்.

கேட்க வேண்டாத கேள்விகள் சில:

“இன்னும் பேசலையா?” “எடை கம்மியா இருக்கே?” “தாய்ப்பால்தானே குடுக்குறீங்க?” “அடுத்தது எப்போ?”

கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது: “நீங்க தூங்குனீங்களா?”

பிள்ளை பிறந்த முதல் சில நாள்களில் அழுகையும் மனத்தடுமாற்றமும் பலருக்கு வரும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் சோகம், தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடச் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி எண் 1771. தோழியே அழைக்கத் தயங்கினால், கூட உட்கார்ந்து அழைக்கலாம். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்று அவர் சொன்னால் காத்திருக்க வேண்டாம், அவரைத் தனியே விடவும் வேண்டாம். உடனே 995ஐ அழையுங்கள்.

தமிழ்: பாடம் நடத்தாமல் எப்படி?

“தமிழ்ல பேசு!” என்று அதட்டினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மாவைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேசுங்கள்.

பள்ளியில் இரட்டைக்கிளவி படித்த நினைவிருக்கிறதா? பிள்ளைகளின் விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

மாவு பிசுபிசுவென்று ஒட்டுது. வெண்டைக்காய் வழவழ. அப்பளம் மொறுமொறு. தண்ணி சலசல. காகிதம் சரசர. ஐஸ் ஜில்லுஜில்லு.

தொட்டு, கேட்டு, கடித்துப் பார்க்கும் சொற்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. தமிழே தெரியாத சீன, மலாய் நண்பர்களின் பிள்ளைகள்கூடச் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்வார்கள். அவர்கள் வீட்டுச் சொல் ஒன்றை உங்கள் பிள்ளை வாங்கிக்கொள்ளட்டும்.

பிறந்தநாள், பண்டிகை என்றால்?

அடிப்படை அதேதான். கூட்டம் மட்டும் கொஞ்சம் கூடும்.

• முதல் பிறந்தநாள் உண்மையில் பெற்றோரின் கொண்டாட்டம். குழந்தை தூங்கி எழுந்த பிறகு அணிச்சல் வெட்டுங்கள். அழுதால் படத்துக்காகப் பிடித்துவைக்க வேண்டாம்.

• வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். சிறு பிள்ளைகளின் தொண்டையை அது அடைத்துவிடும்.

• முஸ்லிம் நண்பர்கள் வந்தால் ஹலால் உணவு, சைவ நண்பர்கள் வந்தால் தனிக் கரண்டி. எது எதுவென்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

• பரிசுக்குப் பதிலாகப் ‘படித்து முடித்த ஒரு கதைப்புத்தகம்’ கொண்டுவரச் சொல்லுங்கள். கிளம்பும்போது மாற்றிக்கொள்ளலாம்.

• தீபாவளிக்குத் தட்டு ரங்கோலி, பொங்கலுக்குக் காகிதப் பானை, சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்கு, நோன்புப் பெருநாளுக்குக் காகித நாடாவில் கெத்துப்பாட். மற்ற இனத்தவர் குழந்தைக்கு முழுமாதம் கொண்டாடி அழைத்தால் போய்வாருங்கள், உங்கள் வீட்டுத் தொட்டில் விழாவுக்கும் காதுகுத்துக்கும் அவர்களை அழையுங்கள்.

• மற்றவர் பிள்ளையின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுமுன் கேளுங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு மாதிரித் திட்டம்

10.00: வருகை, கை கழுவுதல், இஷ்டம்போல் விளையாட்டு

10.20: மாவு அல்லது காய்கறி அச்சு

10.45: மீண்டும் கை கழுவி, சாப்பாடு

11.05: கதை, கண்ணாமூச்சி

11.20: எல்லாரும் சேர்ந்து பொருள்களை எடுத்துவைத்தல்

11.30: டாட்டா!

திட்டப்படி எதுவும் நடக்காமல் போகலாம். பிள்ளைகள் அச்சு வேலையை விட்டுவிட்டு அட்டைப்பெட்டிக்குள்ளேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். விட்டுவிடுங்கள், அவர்கள் வந்தது அதற்குத்தான்.

விருந்தினர் கிளம்பும்போது ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: “அடுத்தது யார் வீட்டுல?” ஒரே வீடு ஒவ்வொரு முறையும் சுமந்தால் சீக்கிரம் நின்றுபோகும். முறைவைத்துக்கொண்டால் மாதம் ஒருமுறை என்பது யாருக்கும் பாரமாக இருக்காது.